மட்டாஞ்சேரி மரப்படியும் அக்காவின் முதுகெலும்பும்

முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் ராவுத்தர் வீடுகளில் ஏழாம் மாதம் நடக்கும். எண்பத்து நான்கு பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தபோது அந்த வேலைக்காகத்தான் பொள்ளாச்சியிலிருந்து மட்டாஞ்சேரிக்குக் கிளம்பினேன். அத்தாவுக்கு ஆஸ்துமா, பனியில் வர முடியாது. அக்கா நூர்ஜகானின் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் இருக்கிறார். எனவே மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை பார்க்கிற தம்பி நான், ஒரு டின் முறுக்கும் ஒரு சீப்பு நேந்திரமுமாகப் புறப்பட்டேன். ஒரு நாள் தங்கி மறுநாள் அழைத்து வந்துவிடுவதாகத் திட்டம். ஊர் திரும்ப இரண்டரை மாதம் ஆயிற்று.

மேற்குக் கொச்சியிலிருந்து முதுகெலும்பு நோயாளி ஒருவரை எறணாகுளம் கொண்டுபோக வேண்டி வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாரும் அப்படி ஒரு பயணத்தைத் திட்டம் போட்டுச் செய்வதில்லை. செய்ய நேரும்போது கேட்க ஆள் இருக்காது.

முதலில் வழி. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர், பேருந்தில் ஒன்றரை மணி நேரம். அங்கே ஒலவக்கோடு ஸ்டேஷனில் பாசஞ்சர் பிடித்தால் மத்தியானம் எறணாகுளம் சவுத். அங்கிருந்து படகுத்துறைக்கு ஆட்டோ மூன்று ரூபாய். நான்கு கேட்பார்கள், கொடுக்காதீர்கள். மட்டாஞ்சேரி படகுக்கு அறுபது பைசா டிக்கெட். நடுவிலுள்ள துறைமுகத் தீவைத் தொட்டுக்கொண்டு அரை மணியில் அக்கரை போய்விடும். இறங்கினால் ஒரு பக்கம் ஜூ டவுன், யூதர்களின் பழைய தெரு. வெள்ளைக்காரர்கள் பழைய பித்தளைப் பூட்டைத் தடவித் தடவி விலை பேசிக்கொண்டிருப்பார்கள். மறுபக்கம் பஜார். சுக்கும் மிளகும் மூக்கில் ஏறும். கப்பலுக்குப் போகிற சரக்கு ஈரம் படாமல் மேடை போட்டு அடுக்கியிருக்கும். அதைச் சுமக்கிறவன் அந்த மேடைக்குக் கீழே ஈரத்தில் படுத்திருப்பான்.

அக்காவின் மாமியார் வீடு ஓர் அரிசிக் கிடங்கின் மாடியில் இருக்கிறது. கிடங்கின் முன்கதவு பஜாரைப் பார்க்கும், பின்கதவு நேராகக் காயலில் திறக்கும். மாடிக்குச் செங்குத்தான மரப்படி. பிடிக்க ஒரு கயிறு மட்டும் தொங்கும்.

மாமி படியின் உச்சியில் நின்று வரவேற்றார். இரண்டு தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் குடும்பம், தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் வரும். "கேறி வா சலீமே! போட்டுல திரக்கா இருந்துச்சா? இரி, சாயா எடுக்கறேன்." படகில் கூட்டம் அதிகமில்லை என்றேன்.

அக்கா எழுந்து வரவில்லை. உள்ளறையில் சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "முறுக்கு அம்மா சுட்டதா, நீ வர்ற வழியில கடையில வாங்கினதா?"

"அம்மா சுட்டது."

"பொய். இது கடை டின்னு."

எழுந்து வா என்றேன். கொஞ்சம் பொறு என்றாள். பொறுத்தும் எழவில்லை. மாமி சாயாவை வைத்துவிட்டுச் சொன்னார். "மூணு ஆழ்ச்சையா இப்படித்தான். ஏழு மாசம் ஆனா யாருக்குத்தான் காலு கனக்காது? நான் அஞ்சு பெத்தவ. உப்புக்கிழி ஒத்தடம் குடுத்துக்கிட்டிருக்கோம். உம்மா வீட்டுக்குப் போனா எல்லாம் சரியாகும்."

மூன்று வாரமாக ஒரு பெண்ணுக்குக் கால் விழுந்துகொண்டிருக்கிறது, எங்களுக்கு ஒரு கார்டுகூட எழுதவில்லை. ஏழாம் மாதம் எப்படியும் தாய்வீட்டார் வந்து அழைத்துப் போவார்கள், அப்புறம் பாடு அவர்களுடையது. மாமி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கணக்கு அப்படித்தான் போடப்படுகிறது, எங்கள் ஊரிலும்.

அக்காவின் புடவை விளிம்பு விலகியபோது கெண்டைக்காலில் உள்ளங்கையளவு கொப்புளம் தெரிந்தது. உடைந்து நீர் வடிந்திருந்தது. ஒத்தடத்தின் சூடு.

"இது வலிக்கலையாக்கா?"

"எது?" என்று கேட்டாள்.

குனிந்து பார்த்தாள். பார்த்த பிறகுதான் அவளுக்கும் தெரிந்தது. என் வேலையில் ஒயர் எங்கோ நசுங்கியிருந்தால் மோட்டார் முனகும், சுற்றாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தோன்றும்.

மறுநாள் காலை வழியனுப்பு. மகள் தன் காலால், வலது கால் முன்வைத்துப் படியிறங்க வேண்டும் என்பது வழக்கம். நான் தூக்கிக்கொண்டு இறங்குகிறேன் என்றேன். பெண்கள் கூடிவிட்டார்கள். நல்ல காரியத்துக்குப் போகிறவளை யாராவது தூக்குவார்களா? அக்காவும் சொன்னாள், "விடுடா, நாலு பேர் பார்க்கறாங்க." எனக்கு முன்பே சந்தேகம் இருந்தது. இருந்தும் விட்டேன்.

மூன்றாம் படியில் அவளது இரண்டு கால்களும் துணி மடிவதுபோல மடங்கின. கயிறு கையில் இருந்தது, நான் கீழே ஒரு படியில் நின்றிருந்தேன். அதனால் வயிறு அடிபடவில்லை. என் தோளில் விழுந்தவள் காதோடு கேட்டாள், "என் காலு எங்கடா இருக்கு?"

சுள்ளிக்கல்லில் ஒரு வயதான டாக்டர் இருப்பதாகச் சொன்னார்கள். ஆட்டோவில் பத்து நிமிடம். அவரை அழைத்து வந்தேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவே இல்லை. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அக்காவின் உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை கீறினார். பெருவிரல் மடங்கவில்லை, மேலே எழுந்தது. மறுகாலிலும் அப்படியே. அதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. என்னைத் தனியே கூப்பிட்டு, தண்டுவடத்தை ஏதோ அழுத்துகிறது, இன்றே எறணாகுளம் போக வேண்டும், உட்கார வைக்கக்கூடாது, குலுங்கக்கூடாது, பலகையில் நீளமாகக் கிடத்தித்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்.

வாசலில் வாடகை அம்பாசடர் ஒன்று நின்றது. டிரைவரிடம் கேட்டேன். அவர் அக்காவின் நிலையைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தோப்பும்படி பாலம் வரை ரோடே இல்ல, குழிதான் உண்டு. காசு எனக்கு வேணும்தான், ஆனா அந்தப் பாவம் என் வண்டியில வேண்டாம்." நேர்மையான மனிதர்.

தண்ணீரில் குழி கிடையாது. கிடங்கின் பின்கதவில் அன்று காலை அரிசி இறக்கிய வள்ளம் காலியாகக் கட்டிக் கிடந்தது. கிடங்கில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களின் தலைவர் ஜோசப் சேட்டன் கிடங்கின் மரக்கதவு ஒன்றைக் கீலிலிருந்து கழற்றி, மேலே சாக்கு விரித்து, நான்கு ஆட்களுடன் மாடிக்கு வந்தார். மாமி படிவாசலை மறித்து நின்றார்.

"இந்த வீட்டுலேருந்து பலகையில கிடத்தி எடுத்தது மய்யத்தை மட்டும்தான். என்னைக் கட்டுன மாப்பிள்ளையை எடுத்தோம், என் மூத்த மகளை எடுத்தோம். வயித்துப் பிள்ளையோட இவளை எடுக்க விடமாட்டேன்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. அக்காதான் முடித்துவைத்தாள். பலகையில் படுத்தபடியே, "மாமி, மய்யத்து முறுக்குத் தின்னுமா?" என்று கேட்டுவிட்டு, டின்னிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். சத்தமாக மென்றாள். "பார்த்துக்கங்க. தின்னுக்கிட்டேதான் போறேன்."

ஜோசப் சேட்டன் சிரித்துவிட்டார். மாமி சிரிக்கவில்லை. விலகி நின்றார். பிறகு அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் இறங்கி வந்தார்.

ஐம்பது கிலோ மூட்டையை ஓடியே ஏற்றுகிறவர்கள், அந்தப் படியில் அக்காவை ஒவ்வொரு படியாக நிறுத்தி நிறுத்தி இறக்கினார்கள். வள்ளத்தின் நடுவில் கதவை வைத்தோம். கப்பல் போகிற ஆழமான சால் வழியாகப் போனால் அலை அடிக்கும் என்று துடுப்புப் போடுகிறவர் கரையோரமாகவே சுற்றிப் போனார். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அக்கா வானத்தைப் பார்த்துக் கிடந்தாள். தலைக்கு மேலே, கரையில் கட்டியிருந்த ஒரு கப்பலின் பக்கவாட்டு இரும்புச் சுவர் வெகுநேரம் நகர்ந்தது. "சலீம், பிள்ளை உதைக்குது" என்றாள் ஒருமுறை. "வயித்துக்கு உள்ள தெரியுது. வெளிய நீ கை வெச்சா தெரியல." என் கை அவள் தொப்புளுக்குக் கீழே வயிற்றின் மேல் இருந்தது. எடுத்துவிட்டேன்.

எறணாகுளத்தில் பெரிய மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். பெயர் சொல்லப் போவதில்லை. படகுத்துறையில் ஒரு ஸ்ட்ரெச்சர்கூட இல்லை. துறைமுகத்தில் ஏலக்காய்ப் பெட்டிக்குக் கிரேன் இருக்கிறது. அதே கிடங்குக் கதவில்தான் ஆஸ்பத்திரி வாசல்வரை தூக்கிப் போனோம்.

வயிற்றுக்கு ஈயக்கவசம் போட்டு முதுகை எக்ஸ்ரே எடுத்தார்கள். நரம்பு அறுவை டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மற்ற எலும்புக் கட்டைகள் வெள்ளையாக இருந்தன. மார்புக்குப் பின்னால் ஒன்று மட்டும் ஜன்னல் கம்பிபோல நெடுக்குக் கோடுகளாகத் தெரிந்தது. டாக்டர் என்னைப் பார்த்து வேகமான மலையாளத்தில், நடுநடுவே ஆங்கிலத்தில், சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் பாதிக்குமேல் புரியவில்லை. படுத்திருந்தவளுக்கு எல்லாம் புரிந்தது. மூன்று வருடம் கொச்சியில் இருந்தவள் அவள்தானே. அவளுடைய முதுகைப் பற்றி அவளே எனக்கு மொழிபெயர்த்தாள்.

"எலும்புக்குள்ள ரத்தக்குழாய் கொத்தாப் பெருகிக் கட்டியா இருக்காம். கேன்சர் இல்லையாம். முந்தியே இருந்திருக்கும், நிறையப் பேருக்கு இருக்குமாம், தெரியாமலே வாழ்ந்துட்டுப் போயிடுவாங்களாம். எனக்கு வயித்துல பிள்ளை வந்ததும் ரத்தம் கூடி, அதுவும் வீங்கித் தண்டுவடத்தை நெருக்குதாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னைக் கேக்காம உன்கிட்டயே சொல்றாரு. ஏன்னு கொஞ்சம் அவர்கிட்ட கேளு."

கேட்டேன். டாக்டர் கொஞ்சம் சிவந்தார். நாற்காலியை இழுத்து அக்காவின் தலைமாட்டில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அவர் சொன்னதைத்தான் இங்கே சுருக்குகிறேன். இது ஒரு நோயாளிக்குச் சொன்னது. உங்களுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

தொந்தரவு இல்லாமல் எக்ஸ்ரேயில் தற்செயலாக அகப்படுகிற கட்டியை ஒன்றும் செய்ய வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும். வலி மட்டும் என்றால் கோபால்ட் கதிர் கொடுப்பதுண்டு. ரத்தக்குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்கும், ஆனால் மாதங்கள் ஆகும். வயிற்றில் குழந்தை இருக்கும்போது அந்தப் பேச்சே கிடையாது. தண்டுவடம் நெருங்கிக் கால் போகிறது என்றால் அறுவைதான். எலும்பின் பின்பக்கக் கூரையை எடுத்து நரம்புக்கு இடம் கொடுப்பார்கள். கட்டி முழுக்க ரத்தம் என்பதால் கத்தி வைத்தால் குழாய் உடைந்ததுபோலக் கொட்டும், மேசையிலேயே உயிர் போகலாம். தொடை வழியாக மெல்லிய குழலைச் செலுத்தி, கட்டிக்கு ரத்தம் போகிற வழிகளை உள்ளிருந்தே அடைத்துவிட்டு அறுவை செய்வது புது முறை. வெகு சில இடங்களில்தான் உண்டு, தூரப் பயணம், அதற்கும் நெடுநேரம் எக்ஸ்ரே படவேண்டும். அக்காவுக்கு அது ஆகாது.

மிச்சம் இரண்டு வழி. இப்போதே முதுகைத் திறப்பது. அல்லது அசையாமல் பலகைக் கட்டிலில் படுத்து, ஊசி மருந்தில் வீக்கத்தைக் கொஞ்சம் அடக்கி, குழந்தை தேறும்வரை காத்திருந்து, முதலில் அதை எடுத்துவிடுவது. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குக் கட்டி தானாகவே வற்றுமாம். காத்திருக்கையில் கால் ஒரேயடியாகப் போய்விட்டால் திரும்பாமலும் போகலாம்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "காத்திருக்கலாம்" என்றாள். "ஆனா எதுவரைக்கும்னு ஒரு எல்லை சொல்லுங்க."

டாக்டர் ஈர்க்குச்சி ஒன்றால் அவள் வயிற்றைக் கீழிருந்து மேலாகத் தொட்டுக்கொண்டே வந்தார். எங்கே குத்துகிறது என்று அவள் சொன்னாளோ அங்கே நீல மசிப்பேனாவால் ஒரு கோடு போட்டார். தொப்புளுக்குச் சற்று மேலே. தினமும் காலையில் சோதிக்க வேண்டும். கோடு மேலே ஏறினாலோ, சிறுநீர் நின்றாலோ, காத்திருப்பு முடிந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எல்லாம் ஒரே காலைதான். மாமி ஈர்க்குச்சி பிடிப்பார், நான் வெளியே நிற்பேன். உள்ளிருந்து "அங்கேதான்" என்று குரல் வந்தால்தான் சாயா குடிக்கப் போவேன். அம்மா ஊரிலிருந்து வந்தாள். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்கா அதட்டி நிறுத்தினாள். இரண்டு வாரம் கழித்து ஒரு காலை அந்தக் குரல் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மாமி குச்சியைப் பிடித்தபடி உறைந்து நின்றார். குத்துவது தெரிகிற இடம் பழைய கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே வந்துவிட்டது. மாமி அதைக் கீழே காட்டியிருக்கலாம், ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கலாம். அவருக்குக் கத்தி என்றால் அவ்வளவு பயம். அவர் மூத்த மகள் இறந்ததும் பிரசவ மேசையில்தான். ஆனால் அக்கா அவர் கையைப் பிடித்து, "சிஸ்டரைக் கூப்பிடுங்க மாமி" என்றாள். கூப்பிட்டார்.

அடுத்த தடை, அறுவைக்குச் சம்மதம் என்று கணவரின் கையெழுத்து. ஷார்ஜாவுக்கு டிரங்க் கால் பதிவு செய்தால் எப்போது கிடைக்கும் என்று எக்ஸ்சேஞ்சுக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரி அலுவலக மேசையில் இருந்தவர் கணவர் இல்லாவிட்டால் தகப்பனார் என்றார், தகப்பனார் இல்லாவிட்டால் தம்பி போதும் என்றார். இருபத்தாறு வயதுப் பெண் சுயநினைவோடு, மூன்று பேரைவிடத் தெளிவாகத் தன் நோயைச் சொல்லிக்கொண்டு கிடக்கிறாள். அவளைவிட மூன்று வயது இளையவன், மலையாளம் தெரியாதவன், மீசை இருப்பதால் போதுமாம். நான் பேனாவைத் தொடவில்லை. கட்டிலுக்குக் கொண்டுபோங்கள் என்றேன். சண்டை பெரிதானபோது மாமி நடுவில் வந்தார்.

"அவ ஒப்பு போடட்டும். கீழே நானும் ஒப்பு போடறேன், மாப்பிள்ளையோட உம்மா. என் மகன் கேட்டா நான் மறுபடி சொல்லிக்கறேன்." பிறகு அக்காவிடம் திரும்பி, "பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னை விடமாட்டேன், கேட்டியா" என்றார்.

ரத்தம் எட்டு பாட்டில் வேண்டும் என்றார்கள். மாமியார் வீட்டு வியாபாரச் சொந்தங்களில் ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்குப் பிரஷர், ஒருவருக்கு அன்றைக்குப் பார்த்து ஏலம். ஜோசப் சேட்டன் முதல் படகில் ஆட்களோடு வந்துவிட்டார். பாதிப் பேருக்கு உடம்பில் ரத்தம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். நாள் முழுக்க அரிசி சுமக்கிறவர்கள் அவர்கள். இதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

முதலில் குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒரு கிலோ எழுநூறு. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். இரண்டு நாள் பார்த்தார்கள், கோடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் முதுகைத் திறந்தார்கள். ஐந்து மணி நேரம். எட்டு பாட்டிலும் உள்ளே போயின. ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் நான் அவள் இறந்துவிட்டதாகவே நினைத்தேன். டாக்டர் வெளியே வந்தபோது அவர் செருப்பில்கூட ரத்தம் இருந்தது. உயிரோடு இருக்கிறாள், கால் எப்படி என்று இப்போது சொல்ல முடியாது என்றார். ஆறு நாள் கழித்து வலது பெருவிரல் அசைந்தது. இடதுகால் இன்னும் இழுக்கிறது.

கட்டி முழுக்கப் போகவில்லை. எலும்புக்குள் மிச்சம் இருக்கிறது. தையல் ஆறிய பிறகு கோபால்ட் தொடங்கினார்கள். அடுத்த பிள்ளை பற்றி யோசிக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அக்கா இப்போதும் காலையில் ஈர்க்குச்சியால் தானே தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். நானும் சில நாள் குளிக்கும்போது என் வயிற்றைக் கிள்ளிப் பார்த்துக்கொள்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கர்ப்பிணிக்குக் கால் கனப்பது வேறு, சூடு பட்டும் தெரியாமல் போவது வேறு. இரண்டாவது நடந்தால் தைலம், ஒத்தடம், வழக்கம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மேற்குக் கொச்சியிலிருந்து சாலையைவிடத் தண்ணீர் நல்லது. சர்வீஸ் படகில் நீளமாகக் கிடத்த இடம் கிடைக்காது, சரக்கு வள்ளம் கேளுங்கள். காலையில் காயல் அமைதியாக இருக்கும், மத்தியானம் காற்று எழும். ரத்தம் கொடுக்க ஆட்களை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். டாக்டர் உங்களிடம் பேசினால், நோயாளியிடம் பேசச் சொல்லுங்கள்.

மார்ச் கடைசியில் அக்காவை மட்டாஞ்சேரிக்கே அழைத்து வந்தோம், கோபால்ட் பாக்கி இருந்ததால் பொள்ளாச்சிக்குப் போக முடியவில்லை. அதே பின்கதவில் வள்ளம் ஒதுங்கியது. கிடங்குக் கதவு மறுபடி கீலில் மாட்டப்பட்டிருந்தது. ஜோசப் சேட்டன் தூக்க வந்தார். அக்கா தலையை ஆட்டி மறுத்தாள். கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் கம்பை ஊன்றினாள்.

"பின்னால நில்லுடா. நான் சொல்லாம தொடாதே."

ஏறினாள். வலதுகாலை வைப்பாள், இடதுகாலை இழுத்துக்கொள்வாள், மூச்சு வாங்குவாள். நான் இரண்டு கைகளையும் விரித்தபடி ஒரு படி கீழே நின்றேன். பாதியில் உட்கார்ந்துவிட்டாள். உச்சியில் மாமி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன மாமி, மய்யத்தைப் பார்க்கற மாதிரி பார்க்கறீங்க? போயி சாயா போடுங்க. நான் மேல வர்றதுக்குள்ள ஆறியிருக்கணும்."

ஆறித்தான் போயிருந்தது. குடித்தாள்.